பதினெட்டு வலது கால்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு குறும்படம் செய்ய வேண்டும் என்றார்கள். அனிமேஷன் படிப்பவர்களுக்கு நாற்பது வினாடி.

2. நடக்கிறவர்களை மட்டும் வரைவது என்று முடிவு செய்தேன். கதை கிடையாது, வசனம் கிடையாது.

3. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி வாசலுக்கு எதிரே பத்து மாலைகள் நின்று, வேலை முடிந்து வெளியே வருகிற பெண்களின் நடையைப் போனில் பிடித்தேன்.

4. அவர்களில் ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

5. நான் சாலையைத் தாண்டவில்லை.

6. படம் முடிந்தது. கைதட்டினார்கள். கல்லூரி அதைத் தன் பக்கத்தில் போட்டது.

7. பேச்சு நின்று ஒன்றரை வருடம் ஆன பிறகு அவளிடமிருந்து முதல் செய்தி வந்தது. "ரெண்டு காலும் ரைட்டு." அவ்வளவுதான்.

எதையும் இப்படி எண் போட்டு எழுதினால்தான் எனக்குப் புரியும். இந்த ஏழில் ஐந்தாவதைத் தவிர மற்றதெல்லாம் வேலை. ஐந்தாவதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

அவளும் நானும் ஒரே தெரு. பிளஸ் டூ முடித்ததும் இருவரும் சேர்ந்துதான் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். எனக்கு வந்த நாளிலேயே அவளுக்கும் சேர்க்கைக் கடிதம் வந்தது. ஒரு வருடம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு அடுத்த வருடம் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். எங்கள் பக்கம் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பெண்கள் நிறைய. முதல் சில மாதங்கள் காலையில் சேர்ந்தே நடந்தோம். அவள் கம்பெனி வேன் நிற்கிற இடம் வரைக்கும். அங்கிருந்து நான் ரயிலடிக்கு. பிறகு நான் வேலூரில் விடுதியில் சேர்ந்துவிட்டேன்.

இரண்டாம் வருடம் காட்பாடி ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தையைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை அப்படியே தொங்கியது. என்னோடு வகுப்புப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "யாருப்பா?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க தெருப் பொண்ணு" என்றேன்.

பொய் இல்லை. எங்கள் தெருப் பெண்தான். அவள் ஒரு நிமிடம் நின்றாள், அத்தையைப் பற்றி ஏதோ சொன்னாள், ரயில் வந்ததும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. சண்டை நடந்திருந்தால் யாராவது நடுவில் வந்து பேசியிருப்பார்கள். இதில் யார் வந்து எதைப் பேசுவது?

படத்துக்காக இரண்டு வாரம் வீட்டில் வந்து தங்கினேன். எங்கள் ஊரில் மாலை ஐந்தரைக்கு மேல் நடை பார்க்க எங்கும் அலைய வேண்டியதில்லை. கம்பெனி வாசல்கள் திறந்தால் சாலை முழுக்கப் பெண்கள். எதிரே ஒரு மருந்துக் கடை, அதன் படியில் உட்கார்ந்தால் வாசலும் வேன்கள் நிற்கிற இடமும் தெளிவாகத் தெரியும். போனில் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். நாள், வெளிச்சம், யார், எத்தனை காலடி, பயன்படுமா.

முதல் நாள் அவள் வெளியே வந்தபோது கை தானாகப் போனைத் தூக்கியது. வாசலிலிருந்து வேன் வரை பதினாறு அடி. முழு உருவமும் விழுந்திருந்தது. அட்டவணையில் 'பயன்படும்' என்று குறித்தேன். இரண்டாம் நாள்: 'வாசலில் நிற்கிறாள். பயன்படாது.' மூன்றாம் நாள்: 'நிற்கிறாள், பையைச் சரிசெய்கிறாள். பயன்படாது.' போனில் இடம் போதவில்லை என்று அந்த இரண்டு நாள் காட்சிகளையும் அன்றைக்கே அழித்தேன். நான்காம் நாளிலிருந்து மறுபடி நடந்தாள். எல்லாம் பயன்பட்டது.

ஏன் தாண்டிப் போகவில்லை என்பதற்கும் என்னிடம் காரணங்கள் இருந்தன. லாரிகள் ஓயாத சாலை. தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் யாருடைய நடையும் மாறிவிடும், இதை வகுப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். மூன்றாவது காரணம் காட்பாடி. அதை மட்டும் நான் எங்கும் எழுதவில்லை.

மொத்தம் ஒன்பது பேருடைய நடையை எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலியோடு நடக்கிற ஒரு அக்கா, பேசிக்கொண்டே நடப்பதால் எப்போதும் அரை அடி பின்தங்குகிற ஒருத்தி, புர்காவின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வேகமாகப் போகிற இருவர், இப்படி. நான்காவது ஆள் அவள். சாப்பாட்டுப் பை முழங்கை மடிப்பில். வலது பாதம் சற்று வெளியே திரும்பும். ஆறு அடிக்கு ஒருமுறை தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பார்ப்பாள்.

அந்தத் திரும்பல் எனக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்குப் போகும்போது நான் மெதுவாக நடப்பேன், அவள் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்து அதைப் பார்க்கையில், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவள் உடம்பு என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பிலேயே அவளை மற்ற எட்டுப் பேரையும்விடக் கவனமாக வரைந்தேன்.

ஒரு ஆள் இரண்டு அடி நடக்கப் பன்னிரண்டு படங்கள். குதிகால் தரையைத் தொடுவது, உடம்பு சற்று இறங்குவது, ஒரு கால் மற்றக் காலைக் கடப்பது, உடம்பு எழும்புவது. ஆறு படம் வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த ஆறில் அதே நிலைகள்தான், கால்கள் மட்டும் இடம் மாறும். நம் பக்கத்துக் காலை வரைந்து, அதையே நகல் எடுத்துக் கொஞ்சம் இருட்டாக்கிப் பின்னால் வைத்தால் அந்தப் பக்கத்துக் கால். வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

எல்லோருக்கும் ஷூ போட்டுவிட்டது என் யோசனை. நிஜத்தில் அவர்கள் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார்கள். தாங்கள் தைக்கிற ஷூவைத் தாங்களே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது போல வரைந்தால் படத்துக்கு ஒரு பொருள் வரும் என்று தோன்றியது. வரைவதற்கு மாதிரி வீட்டிலேயே இருந்தது. எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒற்றை ஷூ ஒன்று கிடக்கும். வெளிநாட்டுக்காரருக்குக் காட்டுவதற்காகக் கம்பெனியில் ஒரே ஒரு கால் மட்டும் தைப்பார்கள்; அந்த மாடல் வேண்டாம் என்றாகிவிட்டால் அது யார் வீட்டுக்காவது வந்து சேரும். எங்கள் வீட்டில் இருந்தது குறுக்கே வாரும் பக்கத்தில் பக்கிளும் வைத்த பெண்கள் ஷூ. அம்மா அதில் ரப்பர் பேண்டும் மருந்துச் சீட்டும் போட்டு வைத்திருந்தாள். காலி செய்து விடுதிக்கு எடுத்துப்போனேன். மேஜையில் வைத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து வரைந்தேன்.

அந்த ஆறு வாரமும் நான் அதிகம் யாரோடும் பேசவில்லை. அறையில் இருந்த இரண்டு பேரும் வேலைக்கான பயிற்சிக்கு பெங்களூர் போயிருந்தார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் லேபில் பதினாறு கம்ப்யூட்டர்கள், நான் ஒருத்தி. ஏசி சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நிலை சரியாக வராவிட்டால் போனை ஜன்னலில் நிறுத்திவிட்டு நானே லேபுக்கு வெளியே தாழ்வாரத்தில் நடந்து வருவேன். பிறகு என் நடையை நானே உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், காலையிலிருந்து "ஒரு டீ" என்ற இரண்டு சொற்களைத் தவிர எதுவும் பேசவில்லை என்று கவனித்தேன். திரையில் அவள் ஆறு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அது துணையாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

திரையிட்ட அன்று அரங்கில் பெரிய கைதட்டல். கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சார் மேடையிலிருந்து, "அந்த நாலாவது பொண்ணுதான் படத்தையே தூக்கி நிறுத்துறா" என்றார். நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர்கூடக் கால்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அந்தச் செய்தி வந்தது. படத்தைத் திறந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போனேன்.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் தெருக்குழாய்க் கல்லில் கம்பெனியில் மாட்டிக்கொள்கிற கோட்டைப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்தது.

"வாடி டைரக்டரு," என்றாள். தலையைத் தூக்கவில்லை.

"இன்னா பண்ற?"

"பாத்தா தெரில? ஷூ ஒட்டுற சொல்யூஷன் கறை. போவாது. போவாதுன்னு தெரிஞ்சே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தேய்க்கிறேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். பிறகு, "குடு போன," என்று ஈரக்கையை நீட்டினாள். படத்தை ஓடவிட்டு, தன் உருவத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினாள்.

"பக்கிள் எந்தப் பக்கம் வரும்?"

"வெளிப்பக்கம்."

"இந்தக் கால்ல வெளிப்பக்கம், சரி. பின்னால இருக்கிற காலு? அதோட உள்பக்கம்தான உனக்குத் தெரியணும்? அங்க ஏன்டி பக்கிளு?" அவள் அடுத்த ஆளுக்கு நகர்த்தினாள், அதற்கடுத்த ஆளுக்கும். "ஒம்போது பேரு. பதினெட்டு காலு. எல்லாம் ரைட்டு. லெஃப்ட்டெல்லாம் எங்கடி போச்சு, ஏலகிரிக்கு டூர் போச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும், ஆனால் அடக்கிக்கொண்டாள்.

"வீட்ல இருந்த சாம்பிள் பாத்து வரைஞ்சேன்."

"தெரியுது. நம்மூர்க்காரிதான் இப்டி வரைவா. வேற எவளாச்சும்னா கட்டாயம் ஜோடியாத்தான் பாத்திருப்பா." போனைத் திருப்பித் தந்தாள். "மூணு வருஷமா ஜோடி சேக்கற டேபிள்ல நிக்கறேன். இத நான் பாஸ் பண்ணி அனுப்புனா அன்னிக்கே ஊட்டுக்குப் போவ வேண்டிதுதான். அது கெடக்கட்டும், நாங்க எப்ப ஷூ போட்டோம்? நடக்குறது செருப்பு நட. வெரலால இறுக்கிப் புடிச்சிக்கினு நடக்குறோம், தெரில? ஷூவ மட்டும் மாட்டிட்டா ஆச்சா?"

அதுவும் உண்மை. செருப்பு நழுவாமல் இருக்க விரல்கள் மடங்கும், பாதம் தட்டையாக விழும். நான் அதை அப்படியே நகலெடுத்து ஷூவுக்குள் போட்டிருந்தேன்.

"கம்பெனில உங்க லைன்ல எல்லாரும் பாத்தாங்களா?"

"பாக்காம? சூப்பர்வைசரு அவரு போன்லயே போட்டு, இது யாரு நட சொல்லுங்கன்னு போட்டி வச்சாரு. ரெண்டாந்தபா ஓடறதுக்குள்ள கண்டுபுடிச்சிட்டாளுங்க. அந்தத் திரும்பிப் பாக்கறது. இப்ப நான் தண்ணி குடிக்க எழுந்தா கூட, 'யாரத் தேடுற, யாரத் தேடுற'ன்றாளுங்க. ஒரே பேஜாரு."

அப்போது நான் கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன். "யாரப் பாக்கற?"

"வேனு ரிவர்ஸ் எடுப்பான்டி. ஆரன் அடிக்க மாட்டான். போன வருஷம் ஒரு அக்கா கால்ல ஏத்திட்டான். அதுலேர்ந்து எல்லாரும்தான் பாக்கறோம், நான் கொஞ்சம் ஜாஸ்தி பாக்கறேன்."

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அவள் கோட்டை முறுக்கிப் பிழிந்தாள். ஒரு முனையை நான் பிடிக்க நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள்.

"எல்லார் நடையிலயும் உன்னுதுதான்டி நல்லா வந்திருக்கு," என்றேன்.

"அத வந்து சொல்லியிருக்கலாம்ல. ரோட்டுக்கு எதிர்லதான இருந்தேன்."

"நீ என்னப் பாத்தியா?"

"மொத நாளே பாத்தேன். மருந்துக் கட படில, மஞ்சப் பேகு வச்சிக்கினு. சரி, நீ வருவன்னு பாத்தேன். மறுநாளு வாசல்லயே நின்னேன். அதுக்கு மறுநாளும் நின்னேன். பைய இப்டி மாட்டி, அப்டி மாட்டி. வேன்காரன் கத்தறான், உள்ள ஒக்காந்திருக்கவளுங்க கத்தறாளுங்க. நீ போனப் பாத்துக்கினே இருக்க." அவள் கோட்டை உதறினாள். "நாலாவது நாளு, சரி போவுதுன்னு உட்டுட்டேன்."

அட்டவணை என் கையிலிருந்த போனில்தான் இருந்தது. நாள் இரண்டு, நிற்கிறாள், பயன்படாது. நாள் மூன்று, நிற்கிறாள். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என் மனம் லேசாகும், அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. காட்பாடியைப் பற்றிப் பேசத்தான் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். அதையும் பேசவில்லை. "தப்புதான்" என்று மட்டும் சொன்னேன். எந்தத் தப்பு என்று அவள் கேட்கவில்லை.

"என்ன அதுலேர்ந்து எடுத்துரு," என்றாள்.

"சரி."

"சாப்ட்டியா?"

விருந்தாளியைக் கேட்கிற குரல். முன்பெல்லாம் அவள் இப்படிக் கேட்டதில்லை. நேரே தட்டைத்தான் வைப்பாள். "சாப்ட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை. "சரி, அப்ப வர்றேன்" என்றதும், "ம்" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கொடியில் போடப் போனாள்.

அன்று மாலையே வேலூர் திரும்பி வேலையைத் தொடங்கினேன். முதலில் கால்கள். ஷூக்களை எல்லாம் எடுத்துவிட்டுச் செருப்பு வரைந்தேன். ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்துக் காலை நகல் எடுக்காமல் தனியாக வரைந்தேன். நான்கு நாள் ஆனது. பிறகு அவளை எடுத்தேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் அவளை வரைந்திருந்த அடுக்கைத் தேர்ந்தெடுத்து அழித்தால் போதும்.

மூன்றாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் விழுந்தது. எட்டுப் பேர் நடக்கிறார்கள், நடுவில் யாரும் இல்லாத ஒரு இடமும் அதே வேகத்தில் நடக்கிறது. சாரிடம் காட்டினேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இந்த இடைவெளிய விட்டுடாதம்மா. இதுதான் இப்ப படம். அவ இருந்தப்பக் கூட இவ்வளவு இல்ல."

அவர் சொன்னது சரி. பார்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள் என்று பேசுவார்கள். விருதுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். ஓடவிட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்தியது. அவள் எடுக்கச் சொன்னாள். நான் அவளை எடுத்துவிட்டு, அவள் இல்லாததை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதே பதினாறு அடி, அதே வேகம். லைனில் இருப்பவர்கள் இதைப் பார்த்தால் அந்த இடத்தையும் சரியாகவே சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாவது ஆளிலிருந்து கடைசி ஆள் வரை எல்லோரையும் முன்னால் நகர்த்தினேன். அடிகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க நேரத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அவர்கள் நெருங்கி நடக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாருக்கு வருத்தம். "சாதாரணமா ஆயிடுச்சே" என்றார். "ஆமா சார்" என்றேன்.

கல்லூரிப் பக்கத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மாற்றினார்கள். அவளுக்கும் அனுப்பினேன். கூட எதுவும் எழுதவில்லை. பார்த்தாள் என்பதற்கு நீல நிறக் குறி மட்டும் வந்தது.

இப்போதைய நிலை இது. படம் முப்பத்தாறு வினாடி. எட்டுப் பேர், பதினாறு கால்கள், எட்டு இடது, எட்டு வலது. நான் சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஆட்களை நடக்கவைப்பதுதான் வேலை. அவள் அதே கம்பெனியில் அதே டேபிளில் இருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தெருமுனையில் எதிரில் வந்தாள். "எப்ப வந்த?" என்றாள். "நேத்து" என்றேன். "எப்பப் போற?" "நாளைக்கு." தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.